ரெண்டு சரம் முத்து

கல்பனா: நில்லு, நில்லு… இன்னா வாசனை இது? சென்டு அடிச்சிக்கினியா?

ஹரிபாபு: ஒரே ஒரு தபா. கழுத்துல மட்டும். பொம்பள வேஷம்னா கமகமன்னு இருக்க வேணாவா?

கல்பனா: கழுத்துலயா! போச்சி போ. உன் கூட்டாளி கோவர்த்தனன் ஊட்ல பாத்ரூம் பின்னாடிதான் கீது. போய் சோப்பு போட்டு தொடச்சிக்கினு வா.

ஹரிபாபு: புடவையோட எப்டி போறது? நீ இவ்ளோ நேரம் வெச்ச கொசுவம் மொத்தமும் அவுந்துடும்.

கல்பனா: அப்ப அசையாத நில்லு. நானே தொடைக்கிறேன். தலைய தூக்கு… இன்னும். சென்டு மேல முத்து பட்டா தோலு வெந்துடும்.

ஹரிபாபு: யாரு தோலு? என் தோலா?

கல்பனா: முத்து தோலு. உன் தோலு எருமைத் தோலு, அதுக்கு ஒண்ணும் ஆவாது.

ஹரிபாபு: கட்ன புருசன இப்டி…

கல்பனா: பேசாத. பவுடர் கொட்டுது. நல்லா கேட்டுக்கோ மாமா. மொதல்ல பவுடரு, அப்பறம் மஞ்சா, அப்பறம் பொட்டு, சவுரி, பூவு, வளையலு. எல்லாம் காஞ்ச பெறவு கடைசியாதான் முத்து. கழட்டச் சொல்ல மொதல்ல முத்து.

ஹரிபாபு: நமக்கு கல்யாணம் ஆனப்ப கூட இவ்ளோ சட்டம் இல்லடி.

கல்பனா: அதான் இப்டி கெட்டுப் போய் கீற.

ஹரிபாபு: கழட்டி ஆணியில கீணியில தொங்க விடக் கூடாது. தட்டையா வெக்கணும். தொங்கினா நூலு நீண்டுடும்.

கல்பனா: …இது உனுக்கு எப்டி தெரியும்?

ஹரிபாபு: யாரோ சொன்னாங்க. ஆமா, உனுக்கு மட்டும் எப்டி இவ்ளோ தெரியும்? மூணு வருஷமா பெட்டியவே தொறக்கல நம்ம.

கல்பனா: யூடியூப்ல பாத்தேன். கைய தூக்கு, ஜாக்கெட்டு கொக்கி மாட்டணும்.

ஹரிபாபு: இந்த ஜாக்கெட்டு கழுத்து இன்னா இவ்ளோ எறக்கமா கீது? மானமே போவுது.

கல்பனா: ஐயய்யோ, ரொம்பத்தான் வெக்கம். போன வருஷம் நான் வேலூர்ல என் தங்கச்சி பிரசவத்துக்கு போய் இருந்தப்ப, உன் கிளீனர் ரமணா போன் பண்ணான் தெரியுமா? "அண்ணி, இந்த வெயில்ல அண்ணன் மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கினு பால் வண்டி ஓட்றாரு, எனுக்கு பயமா கீது"ன்னு.

ஹரிபாபு: சளி புடிச்சி இருந்திச்சி.

கல்பனா: மே மாசத்துல சளியா!

ஹரிபாபு: எனுக்கு மே மாசத்துலதான் புடிக்கும். மீசைய எடுத்துடட்டா?

கல்பனா: பேச்ச மாத்தாத. மீசை கீட்டும். கங்கம்மா கோவிச்சிக்க மாட்டா. இன்னிக்கி அவ ஜாத்திரை, திருப்பதில பாதி ஆம்பளைங்க வேண்டுதலுக்கு புடவைல, மீசையோடதான் கீறாங்க. கோவர்த்தனன பாத்தியா? பக்கத்து ரூம்ல பொண்டாட்டி பட்டுப்புடவைய சுத்திக்கினு கண்ணாடிய விட்டு நவுர மாட்டேங்கிறான்.

ஹரிபாபு: அவனுக்கு இன்னா, வேடிக்கை. எனுக்கு வேண்டுதலு. சின்ன வயசுல எனுக்கு அம்மை போட்டு கண்ணு தெறக்காத கெடந்தப்ப அம்மா வேண்டிக்கினாங்க. இவன் பொழைச்சா என் முத்து ஹாரத்த மாட்டி, உனுக்கு வேஷம் போட வெக்கிறேன் தாயேன்னு. ரெண்டு சரமும் இந்த கழுத்துல சேரணும்… அக்கா எங்க வந்துகினு கீதாம்?

கல்பனா: புத்தூர்ல ஏறின பஸ்ஸு திருப்பதிக்கு வந்துடுச்சாம். ஓ… அதான் இப்டி வேர்க்குதா உனுக்கு?

ஹரிபாபு: வேர்க்காத இன்னா பண்ணும்? அம்மா செத்த பெறவு ஹாரத்த பிரிச்சி, ஆளுக்கு ஒரு சரம்னு எடுத்துக்கினப்ப அக்கா போட்ட சட்டம் மறந்துட்டியா?

கல்பனா: மறப்பனா? "எங்க அம்மா முத்து இது. குடிபாலா ஊர்ல கூலிக்கு போற ஊட்டுப் பொண்ணுக்கு முத்து வெச்சிக்கத் தெரியுமா? அடுத்த தபா தம்பி வேஷம் போடற அன்னிக்கி ரெண்டு சரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாக்கலாம். எது மங்கிப் போச்சோ, அது மத்தவ கைக்கு வந்துடணும்." சரியா சொன்னனா? மூக்க உறிஞ்சிக்கினே சொன்னாங்க.

ஹரிபாபு: சொந்தக்காரங்க எல்லாரும் ஒக்காந்துக்கினு இருந்தாங்க. நீயும் உடனே தலைய ஆட்டிட்ட.

கல்பனா: பின்ன? பயந்துக்கினு பின்னால போவ சொல்றியா?

ஹரிபாபு: அதுவரைக்கும் பெட்டிய தொறக்கக் கூடாதுன்னு என்கிட்ட கற்பூரத்து மேல சத்தியம் வேற வாங்கிச்சி. ஒரு வருஷம் தீட்டு, ஒரு வருஷம் ஊடு கட்னோம், போன வருஷம் நீ வேலூர்ல… இன்னிக்கிதான் மாட்டிக்கினோம். கல்பனா, உள்ள அது எப்டி கீதோ… கருத்து கிருத்து போய் இருந்தா?

கல்பனா: போய் இருந்தா உங்க அக்கா எடுத்துக்கினு போவட்டும்.

ஹரிபாபு: இவ்ளோ லேசா சொல்ற?

கல்பனா: லேசா இல்ல மாமா. அந்த முத்து போச்சின்னா, நான் இந்த ஊட்டுக்கு வந்ததே தப்புன்னு ஆயிடும். அவங்க அன்னிக்கி கேட்டது முத்தப் பத்தி இல்ல. நான் தேறுவனா மாட்டனான்னுதான். அது எனுக்கு தெரியும்… கண்ண மூடு, மை வெக்கிறேன்.

ஹரிபாபு: நான் ஒண்ணு சொல்லட்டா…

கல்பனா: அப்பறம் சொல்லு. வாசல்ல ஆட்டோ நிக்குது. அவங்கதான்.

கிருஷ்ணம்மா: அடடடா! யாரும்மா இது? என் தம்பி எங்க? எனுக்கு கூடப் பொறந்த தங்கச்சி ஒருத்தி இருந்தான்னு எங்க அம்மா சொல்லவே இல்லியே!

ஹரிபாபு: வா அக்கா. சும்மா கிண்டல் பண்ணாத.

கிருஷ்ணம்மா: இடுப்ப ஆட்டு பாக்கலாம். நைனா இருந்தா இன்னேரம் திருஷ்டி சுத்திப் போட்டு இருப்பாரு. புடவை யாரு கட்னது? நல்லா கட்டி கீது.

கல்பனா: நான்தான் அண்ணி.

கிருஷ்ணம்மா: ஓ… அப்ப கொஞ்சம் கோணதான். இந்தாடா, குனி. புத்தூர்லருந்து எலுமிச்சம்பழ மாலை கட்டி எடுத்தாந்தேன். கங்கம்மாவுக்கு வேஷம்னா இது கழுத்துல இல்லாம போவக் கூடாது.

கல்பனா: அண்ணி, அண்ணி… கழுத்துல வேணாம்.

கிருஷ்ணம்மா: இன்னாது? சாமி காரியத்துக்கு குறுக்க நிக்கிறியா?

கல்பனா: கூட்டத்துல நசுங்கும் அண்ணி. ஒரு பழம் உடைஞ்சி சாறு முத்து மேல வழிஞ்சா, முத்து சுண்ணாம்பு மாதிரி கரைஞ்சிடும். எலுமிச்சங்கா, புளி, வினிகரு எதுவும் முத்துக்கு ஆவாது.

கிருஷ்ணம்மா: எங்க அம்மா முத்தப் பத்தி நீ எனுக்கு பாடம் எடுக்கிறியா? புளி போட்டு கழுவாத நகை இன்னா நகை? விளக்குக்கும் புளிதான், நகைக்கும் புளிதான்.

கல்பனா: விளக்கு பித்தளை அண்ணி. முத்து பித்தளை இல்ல.

ஹரிபாபு: அக்கா, மாலைய இடுப்புல சுத்திக்கிறேன். ஒட்டியாணம் மாதிரி ஜோரா இருக்கும். சாமிக்கும் ஆச்சி, முத்துக்கும் ஆச்சி.

கிருஷ்ணம்மா: …சரி. இடுப்புல கட்டு. எப்டியும் இன்னும் கொஞ்ச நேரத்துல எந்த முத்து யாருதுன்னு தெரிஞ்சிடப் போவுது. பெட்டிய எட்றா.

ஹரிபாபு: உன்னுது மொதல்ல காட்டு அக்கா. பெரியவ நீ.

கிருஷ்ணம்மா: காட்றதுக்கு இன்னா? ராணி மாதிரி வெச்சி கீறேன். மூணு வருஷமா பேங்க் லாக்கரு. வெல்வெட் பெட்டி, அதுக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள பிளாஸ்டிக் கவரு. கவர சுத்தி டேப்பு. பூச்சி வராம அந்துருண்டை. ஒரு பொட்டு காத்து உள்ள போவல!

கல்பனா: கழுத்துல ஒரு தபா கூட போடலியா அண்ணி?

கிருஷ்ணம்மா: போடறதா? அழுக்காயிடாது? இந்த டேப்ப பிரி… நகத்தால எடுடா. மெதுவா. ஆங்… தாயே கங்கம்மா… இந்த ரூம்ல வெளிச்சம் பத்தல. ஜன்னல தொற.

ஹரிபாபு: ஜன்னலு தொறந்துதான் கீது அக்கா.

கிருஷ்ணம்மா: அப்ப டியூப் லைட்ட போடு!

ஹரிபாபு: போட்டாச்சி. அக்கா… இது மஞ்சளா இல்ல போயிடுச்சி? சோளம் மாதிரி கீது. இந்த முத்து பாரு, தோலு உரிஞ்சிக்கினு வருது.

கிருஷ்ணம்மா: அம்மாவுது பழைய முத்து. அப்டித்தான் இருக்கும். அம்மா போட்டுக்கினு இருந்தப்பவும் இப்டித்தான் இருந்தது.

ஹரிபாபு: அம்மா போட்டப்ப பாலு மாதிரி இருந்தது. எனுக்கு நல்லா ஞாபகம் கீது.

கிருஷ்ணம்மா: சரி, பாலு. என்னுதே இப்டி ஆச்சின்னா, பலமனேர் சந்தைக்கு பக்கத்துல, ஓட்டு ஊட்ல, பீரோல கெடந்தது இன்னா லட்சணத்துல இருக்கும்? தொற உன் பெட்டிய. நான் கட்ன மஞ்சா கயிறு அப்டியே கீதா? கீது. பரவால்ல. சத்தியத்த காப்பாத்தி கீறீங்க. அவுரு முடிச்ச.

கல்பனா: நீங்களே அவுருங்க அண்ணி.

கிருஷ்ணம்மா: நானே அவுக்கிறேன். எனுக்கு இன்னா பயம்… மூடிய தூக்கு… அம்மாடியோ!

ஹரிபாபு: இன்னா ஆச்சி?

கிருஷ்ணம்மா: காலிடா! பெட்டி காலி! அடிப்பாவி, அடகு வெச்சிட்டியா? வித்துட்டியா? உன் தங்கச்சி பிரசவத்துக்கு எங்க அம்மா முத்துதான் கெடைச்சதா? ஹரி, நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?

ஹரிபாபு: அக்கா, கத்தாத. பக்கத்துல கோவர்த்தனன் ஊட்டு ஜனம் மொத்தமும் கீது.

கிருஷ்ணம்மா: கத்துவேன்! ஊரே கேக்கட்டும்!

கல்பனா: கேக்கட்டும் அண்ணி. நல்லா கேக்கட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க… இந்த மேல் கொக்கிய கழட்டிக்கிறேன்… இந்தாங்க. என் கழுத்துல கீது முத்து. பாருங்க.

ஹரிபாபு: அம்மா…

கல்பனா: தொட்டுப் பாருங்க அண்ணி. கை தொடைச்சிக்கினு தொடுங்க, எலுமிச்சங்கா புடிச்ச கை.

கிருஷ்ணம்மா: இது… இது அது இல்ல. புதுசு. ஹைதராபாத்துலருந்து புதுசா வாங்கி மாத்திட்ட. பழைய முத்து எங்கயாவது இப்டி மின்னுமா?

கல்பனா: சரத்தோட கொக்கிக்கு பக்கத்துல வெரல வெச்சி தடவுங்க. மூணாவது முத்து.

கிருஷ்ணம்மா: எதுக்கு?

கல்பனா: அத்தை பேசிக்கினு இருக்கச் சொல்ல கட்டை வெரலால தடவிக்கினே இருப்பாங்களே. சின்னதா ஒரு குழி இருக்கும் அதுல.

கிருஷ்ணம்மா: …இருக்கு.

ஹரிபாபு: இருக்கா அக்கா?

கிருஷ்ணம்மா: இருக்குடா. அம்மா குழி முத்து… எனுக்கு பால் குடுத்தப்ப கூட இத்ததான் கடிச்சேனாம், அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. அதேதான். அம்மா கழுத்துல இருந்தத விட வெளிச்சமா கீது… அடியே! அப்ப சத்தியம்? பெட்டிய தொறக்க மாட்டோம்னு கற்பூரத்து மேல சத்தியம் பண்ணீங்களே!

கல்பனா: சத்தியம் பண்ணது அவுரு. பெட்டிய தொறக்க மாட்டேன்னு பண்ணாரு. தொறக்கலியே! கயிறு நீங்கதானே இப்ப அவுத்தீங்க?

கிருஷ்ணம்மா: இன்னாடி சொல்ற?

கல்பனா: நான் முத்த பெட்டிக்குள்ள போடவே இல்ல அண்ணி. அன்னிக்கி காலி பெட்டியதான் உங்க கையில குடுத்தேன். நீங்க கயிறு கட்னீங்க.

கிருஷ்ணம்மா: ஐயோ… ஒவ்வொரு தபா பலமனேர் வந்தப்பவும் நான் அதுக்கு கற்பூரம் காட்டினனே!

கல்பனா: காலி பெட்டிக்குதான் காட்டினீங்க. நான் பக்கத்துல நின்னு கும்பிட்டேன். முத்து இங்க, என் ஜாக்கெட்டுக்குள்ள இருந்து உங்கள பாத்துக்கினு இருந்தது.

ஹரிபாபு: ஹி ஹி…

கிருஷ்ணம்மா: சிரிக்காதடா பொம்பள! தெனமும் போட்டுக்கினு இருந்தியா?

கல்பனா: தெனமும்.

கிருஷ்ணம்மா: பால் சென்டர் வேலைக்குமா?

கல்பனா: பால் அளக்கச் சொல்லவும், கேன் கழுவச் சொல்லவும். அதுக்குன்னே மூடின கழுத்து ஜாக்கெட்டு தெச்சிக்கினேன்.

கிருஷ்ணம்மா: எங்க அம்மா முத்த மாட்டிக்கினு பால் கேன் கழுவினாளாம்! எதுக்குடி? வேண்டாம்னு சொல்லச் சொல்ல எதுக்கு?

கல்பனா: எதுக்குன்னா… எங்க ஊட்ல எங்க ஆயா, எங்க அம்மா, அக்கா, யாரும் முத்து தொட்டதில்ல அண்ணி. அடுத்தவங்க நெலத்துல களை எடுத்தவங்க நாங்க. மொதமொதலா ஒரு முத்து என் கைக்கு வந்தது. அத்த பூட்டி வெக்கச் சொல்றீங்க. மனசு வரல. அவ்ளோதான். போட்டுக்கினேன். மொதல்ல எனுக்கும் தெரியல. வேர்வையில பிசுபிசுன்னு மங்கிப் போச்சி. தங்க கம்மல ஊறப் போடற மாதிரி பூந்திக்கொட்டை தண்ணியில போடலாம்னு எடுத்துக்கினு போனேன். மனசு ஒப்பாம சித்தூர் பஜார்ல நகைக்கு நூல் கோக்கிற ஏகாம்பரத்துகிட்ட காட்டினேன். கத்தினாரு பாருங்க ஒரு கத்தல்! "முத்து தண்ணிய குடிச்சிடும், நூலு உள்ளயே அழுவிடும்"னாரு. அப்பறம்தான் தெரிஞ்சிக்கினேன். தெனம் கழட்டின உடனே ஈரத்துணியால ஒத்தி, காஞ்ச துணியால தொடைக்கணும். மல் துணி மேல தட்டையா வெக்கணும். தங்கத்தோட சேத்துப் போடக் கூடாது, கீறிடும். வருஷத்துக்கு ஒரு தபா நூலு மாத்தணும்.

கிருஷ்ணம்மா: அப்ப என்னுது…

கல்பனா: மூச்சு முட்டிடுச்சி அண்ணி. பிளாஸ்டிக் கவரு, பஞ்சு, அந்துருண்டை… காத்தும் இல்ல, ஈரமும் இல்ல. காஞ்சி போச்சி. முத்துக்கு மனுச ஒடம்பு வேணும்.

கிருஷ்ணம்மா: போதும்டி. சட்டம் போட்டது நான்தான். பேச்சுன்னா பேச்சு. இந்தா, என் சரமும் உன்னுது. ரெண்டு சரமும் உன்னுது. எடுத்துக்கோ!

கல்பனா: அண்ணி, பஞ்சுலருந்து அப்டி இழுக்காதீங்க, நூலு…

ஹரிபாபு: ஐயோ! அறுந்துடுச்சி!

கல்பனா: யாரும் நவுராதீங்க! மாமா, காலத் தூக்காத! மிதிச்சிடப் போற!

கிருஷ்ணம்மா: கட்டிலுக்கு கீழ ஓடுது, கட்டிலுக்கு கீழ!

ஹரிபாபு: புடவையோட எப்டி குனியறது…

கல்பனா: நீ குனியாத! மரம் மாதிரி நில்லு! அண்ணி, அந்த மூலைய பாருங்க. நான் இந்தாண்ட பொறுக்கறேன்.

கிருஷ்ணம்மா: இத்துப்போன நூலு… நூலா இது, சாம்பலு மாதிரி கீது. கல்பனா, பம்பை சத்தம் கேக்குதுடி. தெருமுனைக்கு வந்துட்டாங்க. ரெண்டு சரம் இல்லாம இவன் எப்டி போவான்? அம்மா வேண்டுதலு…

கல்பனா: போவாரு. ரெண்டு சரத்தோடதான் போவாரு. என் பைய எடுங்க. உள்ள சின்ன டப்பால பட்டு நூலும் ஊசியும் கீது.

கிருஷ்ணம்மா: நூலோடயா சுத்தற நீ?

கல்பனா: முத்து வெச்சிக்கினு கீறவ நூலு வெச்சிக்க மாட்டனா? நீங்க ஒண்ணொண்ணா எடுத்து குடுங்க. பெருசு நடுவுல, சிறுசு ஓரத்துல. ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல முடிச்சி போட இப்ப நேரமில்ல. இன்னிக்கி ஒரு நாளைக்கு தாங்கும். நாளைக்கி ஒழுங்கா கோத்துக்கலாம்.

கிருஷ்ணம்மா: இந்தா… இந்தா… இது உரிஞ்ச முத்து.

கல்பனா: அத்த பின்னால போடறேன். சவுரி மறைச்சிக்கும்.

ஹரிபாபு: கோவர்த்தனன் கெளம்பிட்டான். வெளில விசில் அடிக்கிறாங்க அவனுக்கு.

கல்பனா: அடிக்கட்டும். உனுக்கு அதுக்கு மேல அடிப்பாங்க. அண்ணி, அடுத்தது?

கிருஷ்ணம்மா: அவ்ளோதான்டி. ஆனா… ஒண்ணு கொறையுது. நடு முத்து. பெருசு. அது எங்க?

கல்பனா: கட்டிலுக்கு கீழ?

கிருஷ்ணம்மா: பாத்துட்டேன். இல்ல. தாயே, தாயே…

ஹரிபாபு: கல்பனா… எனுக்கு கொசுவத்துக்குள்ள ஏதோ உறுத்துது.

கல்பனா: அசையாத! மெதுவா… கைய வுடறேன்… புடிச்சிட்டேன்! இந்தாங்க அண்ணி, நடு முத்து!

கிருஷ்ணம்மா: கங்கம்மா தாயே! காப்பாத்திட்ட!

கல்பனா: முடிச்சி… இன்னொரு முடிச்சி… ஆச்சி. மாமா, குனி. இப்ப குனியலாம். வெள்ளை உள்சரம், மஞ்சா வெளிச்சரம். அண்ணி, கொக்கிய நீங்க போடுங்க.

கிருஷ்ணம்மா: நானா?

கல்பனா: உங்க அம்மா முத்து. நீங்கதான் போடணும்.

கிருஷ்ணம்மா: …ஆச்சி. எட்ட நின்னு பாரு கல்பனா. அம்மா மாதிரியே கீறான்டி. மீசை ஒண்ணுதான் இடிக்குது.

ஹரிபாபு: அம்மாவுக்கும் லேசா இருந்தது.

கிருஷ்ணம்மா: அடி வாங்குவ! கல்பனா, இங்க வா. நான் எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன். கோவர்த்தனன் ஊட்ல, வாசல்ல, கோயில்ல, எங்க வேணா சொல்றேன். எங்க அம்மா முத்துக்கு நீதான் சரியான ஆளு. நான் இல்ல. இன்னிக்கி சாயங்காலத்துலருந்து ரெண்டு சரமும் உன்னுது.

கல்பனா: ரெண்டும் என்னுதுதானே? நல்லா கேட்டுக்கினேன். அப்ப என் முத்த நான் யாருக்கு வேணா குடுப்பேன். மஞ்சா சரத்த நீங்க போட்டுக்கணும்.

கிருஷ்ணம்மா: இன்னாது?

கல்பனா: சாயங்காலத்துலருந்து தெனமும். சமைக்கச் சொல்ல, சீரியல் பாக்கச் சொல்ல, மார்க்கெட்டுக்கு போவச் சொல்ல. உரிஞ்சது திரும்ப வராது. மீதி நிக்கும். மாசம் ஒரு தபா நான் புத்தூர் வருவேன். உங்க கழுத்த பாப்பேன். மங்கி இருந்தா புடுங்கிக்கினு போயிடுவேன்.

கிருஷ்ணம்மா: பாத்தியாடா இவள! என் ஊட்டுக்கே வந்து எனுக்கே பரிட்சை வெப்பாளாம்!

ஹரிபாபு: நீ வெச்சத விட லேசான பரிட்சைதான் அக்கா.

கிருஷ்ணம்மா: சரிடி வாத்தியாரம்மா. போட்டுக்கிறேன். ஆனா ஒரு நாள் மறந்துட்டா?

கல்பனா: ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது. நானே போன வருஷம் ஒரு மாசம் போடாத வுட்டுட்டேன்.

ஹரிபாபு: …நேரமாவுது. போலாமா?

கல்பனா: இரு மாமா, இந்த பூவ சரி பண்ணிக்கிறேன். என் தங்கச்சிக்கு திடீர்னு வலி வந்துடுச்சி அண்ணி. குளிக்கச் சொல்ல கழட்டி கண்ணாடி பின்னால ஆணியில மாட்டினேன். அப்டியே வேலூர் பஸ் ஏறிட்டேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்தது. அவருகிட்ட போன்ல சொல்லவும் முடியாது, சத்தியம் கித்தியம்னு பயப்படுவாரேன்னு.

கிருஷ்ணம்மா: ஐயோ! ஒரு மாசமா ஆணியிலயே தொங்கிக்கினு இருந்ததா?

கல்பனா: தூக்கமே இல்ல எனுக்கு. நூலு நீண்டு இருக்கும், தூசி படிஞ்சி இருக்கும், மங்கிப் போய் இருக்கும்னு நடுங்கிக்கினே வந்தேன். ஆட்டோ விட்டு எறங்கி, நேரா ஓடி கண்ணாடி பின்னால கைய வுட்டேன். அதே ஆணி. ஆனா நேத்து தொடைச்ச மாதிரி பளபளன்னு கீது. அதுக்கு மேல ஒண்ணு அண்ணி… தொட்டா எளஞ்சூடா இருந்தது.

கிருஷ்ணம்மா: சூடாவா?

கல்பனா: சத்தியமா. யாரோ இப்பதான் கழுத்துலருந்து கழட்டி வெச்ச மாதிரி.

கிருஷ்ணம்மா: அடியம்மா! எனுக்கு புல்லரிக்குதுடி! மே மாசம்… ஜாத்திரை நேரம்… கங்கம்மாதான்! தாயே போட்டுக்கினு இருந்து கீறா!

கல்பனா: நானும் அப்டித்தான் நெனைச்சேன். யாருகிட்டயும் சொல்லல. மறுநாளே அவளுக்கு பொங்கல் வெச்சேன்.

ஹரிபாபு: மொத்தத்தையும் நான்தான் துன்னேன்.

கிருஷ்ணம்மா: நீ பேசாத நில்லுடா. கற்பூரத்த எடு கல்பனா, இங்கயே ஒரு தபா காட்டிட்டு கெளம்பலாம். அம்மனே போட்டுக்கின முத்து! இன்னாடா, ஏன் அப்டி நெளியற?

ஹரிபாபு: அக்கா, கற்பூரத்த கீழ வை… அது கங்கம்மா சூடு இல்ல, என் சூடு. ஆணியில தொங்கறத பாத்தேன், மனசு கேக்கல. அந்த ஒரு மாசமும் காக்கிச் சட்டைக்குள்ள மாட்டிக்கினு, மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கினு, பலமனேருக்கும் சித்தூருக்கும் பால் வண்டி ஓட்னேன்… இவ ஆட்டோ சத்தம் கேட்டப்பறம்தான் கழட்டி மாட்டினேன்!